ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரத்துக்குக் கையில் கட்டினாலே சாவி ஏறிவிடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் கடிகாரம் பழுதுபார்க்கும் என் மேசைக்கு வருகிற ஆட்டோமேட்டிக் கடிகாரங்களில் பலவற்றில் பழுதென்று எதுவும் இருப்பதில்லை. “நாள் முழுக்கக் கையில்தான் கட்டியிருக்கிறேன், காலையில் பார்த்தால் நின்றுகிடக்கிறது” என்று சொல்லிக் கொண்டுவருவார்கள். பின்மூடியைத் திறந்து பார்த்தால் சக்கரங்கள் சுத்தமாக இருக்கும், எண்ணெய் காய்ந்திருக்காது, ஸ்பிரிங்கில் மட்டும் முறுக்கு இருக்காது. இப்படி வருகிறவர்களிடம் சர்வீஸ் கூலி வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. அவர்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

செல் இல்லாமல் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது?

சாவி கொடுக்கும் பழைய கடிகாரமும் ஆட்டோமேட்டிக்கும் அடிப்படையில் ஒன்றுதான். இரண்டிலும் ஒரு சிறு உருளைக்குள் மெல்லிய எஃகுப் பட்டை சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அதுதான் மெயின் ஸ்பிரிங். அது விரிய முயலும் விசை, சக்கரங்கள் வழியாக பேலன்ஸ் சக்கரத்துக்குச் சிறிது சிறிதாகப் போய்ச் சேர்கிறது. பேலன்ஸ் சக்கரம் இடமும் வலமுமாக ஆடி நேரத்தை அளக்கிறது. மணிக்கு 21,600 துடிப்பு என்று குறிக்கப்பட்ட கடிகாரம் விநாடிக்கு ஆறு முறையும், ஒரு முழு நாளில் 5,18,400 முறையும் துடிக்கிறது. இத்தனைக்கும் வேண்டிய விசை அந்த ஒற்றை ஸ்பிரிங்கிலிருந்தே வர வேண்டும்.

வேறுபாடு ஸ்பிரிங்கை முறுக்கும் வழியில் இருக்கிறது. ஆட்டோமேட்டிக்கின் பின்பக்கம் அரைவட்ட வடிவில், ஓரம் கனத்த ஒரு தகடு நடு அச்சில் தொங்குகிறது. ரோட்டார் என்பது அதுதான். மணிக்கட்டு சாயும்போதெல்லாம் கனமான பக்கம் கீழே வரப் பார்த்து ரோட்டார் சுழல்கிறது, அந்தச் சுழற்சி வேகம் குறைக்கும் சக்கரங்கள் வழியாக ஸ்பிரிங்கை முறுக்குகிறது. ரோட்டார் பல சுற்றுச் சுற்றினால்தான் உள்ளே இருக்கும் சாவிச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்.

இந்த யோசனை மிகப் பழையது. சுவிட்சர்லாந்தின் லெ லொக்ல் ஊரைச் சேர்ந்த ஆப்ரஹாம் லூயி பெர்லே 1770களிலேயே சட்டைப்பையில் வைக்கும் கடிகாரத்துக்கு இதைச் செய்துபார்த்தார். கைக்கடிகாரத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் 1920களில் காப்புரிமை பெற்ற ஆங்கிலேயர் ஜான் ஹார்வுட். அவருடைய எடை முழு வட்டம் சுற்றாது, இரு பக்கமும் சிறு ஸ்பிரிங்குகளில் மோதித் திரும்பும். தடையில்லாமல் முழு வட்டமும் சுற்றும் ரோட்டாரை ரோலெக்ஸ் 1931இல் கொண்டுவந்தது. இன்று நம் ஊரில் கையில் காணும் ஆட்டோமேட்டிக்குகள் எல்லாம் முழு வட்டம் சுற்றுபவையே.

ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கட்ட வேண்டும்?

சீக்கோ தன் கையேடுகளில் நாளுக்கு எட்டு மணி நேரம் அல்லது பத்து மணி நேரத்துக்கு மேல் கட்டுமாறு சொல்கிறது. நல்ல வழிகாட்டுதல்தான்; ஆனால் அதை அப்படியே கணக்காக எடுத்துக்கொள்வதிலிருந்துதான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. கடிகாரம் கையில் இருக்கும் நேரத்தை ரோட்டார் அறியாது. கை எவ்வளவு சாய்ந்தது, எத்தனை முறை திரும்பியது என்பது ஒன்றே அதற்குத் தெரியும்.

டயல் மேலே பார்த்தபடி மணிக்கட்டு மேசைமீது படிந்திருந்தால், ரோட்டாரை எந்தப் பக்கமும் இழுக்கப் புவிஈர்ப்புக்கு வழியில்லை. அது கிடந்த இடத்திலேயே கிடக்கும். கையைத் தொங்கவிட்டு நடந்தால் கடிகாரம் செங்குத்தாக நின்று முன்னும் பின்னும் வீசப்படுகிறது, ரோட்டார் நன்றாக ஆடுகிறது. ஆகவே காலையில் வேலைக்கு நடந்து போகும் அரை மணி நேரம், கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் சில மணி நேரத்தைவிட அதிக முறுக்கைத் தந்துவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கடிகாரம் இரவும் பகலும் ஓடுகிறது. ஆகவே கையில் இருக்கும் வேளைக்குள் 24 மணி நேரத்துக்கான முறுக்கை அது சேர்த்துக்கொண்டாக வேண்டும். நீங்கள் பத்து மணி நேரம் கட்டுகிறீர்கள், அதில் இருபது மணி நேரத்துக்கான முறுக்குதான் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் நான்கு மணி நேரம் குறைகிறது. முழு முறுக்கில் 41 மணி நேரம் ஓடும் கடிகாரம் இந்தக் குறையை முதல் நாளிலேயே காட்டாது. இரவு கழற்றும்போது கையிருப்பு 41 என்பது மறுநாள் 37, அடுத்த நாள் 33 என்று இறங்கிக்கொண்டே போய், ஒரு வாரம் கழியும்போது 13 ஆகும். கழற்றி வைக்கும் பதினான்கு மணி நேரத்துக்கு அது போதாது. அன்றைய காலை கடிகாரம் நின்றிருக்கும். “ஒரு வாரம் ஒழுங்காக ஓடியதே, திடீரென்று எப்படிக் கெடும்?” என்ற கேள்விக்கு விடை இதுதான். திடீரென்று எதுவும் கெடவில்லை, வாரம் முழுக்க ஒரே அளவில் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

என் வேலைக்கு இந்தக் கடிகாரம் ஒத்துவருமா?

வேலை எவ்வளவு கடினம் என்று பார்த்தால் ஏமாந்துபோவோம், மணிக்கட்டு என்ன செய்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ஓடும் பேருந்தில் நடத்துநராக இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான கடிகாரம் கிடையாது. மேல் கம்பியைப் பிடிப்பது, பயணச்சீட்டு கொடுப்பது, சில்லறை எண்ணுவது என்று கை ஓயாமல் கோணம் மாறிக்கொண்டிருக்கும். பத்தமடையில் பாய்த் தறியில் கோரையைச் செலுத்தி நெருக்கும் கைக்கும் குறை இருக்காது. மாறாக, முக்கூடல் பக்கம் மடியில் சுளவை (முறத்தை) வைத்துப் பீடி சுற்றுகிற பெண்களின் விரல்கள் கண்ணால் தொடர முடியாத வேகத்தில் வேலை செய்யும். மணிக்கட்டோ ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். நாள் முழுக்க உழைத்த கையில் கடிகாரம் சாவி ஏறாமல் நிற்பது அவர்களுக்கு வியப்பாகத்தான் இருக்கும்.

பாளையங்கோட்டையில் ஆசிரியர்கள் அதிகம். அவர்கள் கேட்பதும் அதிகம். கரும்பலகையில் நாள் முழுக்க எழுதுகிறேனே என்பார்கள். எழுதுவது வலக் கை, கடிகாரம் கட்டியிருப்பது இடக் கை. இடக் கை பெரும்பாலும் புத்தகத்தைப் பிடித்தபடி அசையாமல் இருக்கிறது. விடைத்தாள் திருத்தும் நாட்களில் அதன் நிலை இன்னும் மோசம். வலக் கைக்கு மாற்றிக் கட்டினால் முறுக்கு கூடும் என்பது உண்மை. ஆனாலும் திருகு, அதாவது சாவி கொடுக்கும் பக்கவாட்டுக் குமிழ், புறங்கையில் குத்துவது பலருக்குப் பிடிப்பதில்லை. அதற்காகப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, கீழே சொல்லும் வழி போதும்.

தவில் வாசிப்பவர், சுத்தியல் பிடிக்கும் கொத்தனார், கட்டை பிளப்பவர் ஆகியோர் வேலை நேரத்தில் கழற்றிவிட வேண்டும். அசைவு வேறு, அதிர்ச்சி வேறு. பேலன்ஸ் அச்சின் நுனி தலைமுடியளவு மெல்லியது. அதிர்ச்சி தாங்கும் அமைப்பு இருந்தாலும், தொடர்ந்து விழும் அடி அதற்கும் ரோட்டார் பேரிங்குக்கும் கேடுதான். இருசக்கர வண்டி ஓட்டுவதால் முறுக்கு ஏறுமா என்றும் கேட்கிறார்கள். கைப்பிடியைப் பற்றிய மணிக்கட்டு கோணம் மாறாமல் நடுங்க மட்டும் செய்வதால் பெரிதாக எதுவும் ஏறாது.

குறை கடிகாரத்திலா, என் கை அசைவிலா? வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை, கடைக்கு வருவதற்கு முன் எல்லாரும் செய்துபார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் வழக்கம்போல ஒரு நாள் முழுக்கக் கட்டிக்கொள்ளுங்கள். இரவு கழற்றி டயல் மேலே பார்க்க மேசையில் வைத்துக் கழற்றிய நேரத்தை எழுதுங்கள். மறுநாள் அதைத் தொடாமல், நின்ற நேரத்தையும் எழுதுங்கள். நின்ற நேரத்தை முட்களே காட்டிக்கொண்டிருக்கும். காலையா மாலையா என்பது மட்டும் நினைவிருந்தால் போதும். அடுத்து, திருகு வழியாக முழுச் சாவி கொடுத்து, கையில் கட்டாமல் அதேபோல வைத்து, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பாருங்கள்.

முழுச் சாவி கொடுத்தபோது 40 மணி நேரம் ஓடிய கடிகாரம், நாள் முழுக்கக் கட்டிக் கழற்றியபின் 15 மணி நேரத்தில் நின்றால், ஸ்பிரிங்கும் சக்கரங்களும் நன்றாக இருக்கின்றன. உங்கள் நாளின் அசைவு போதவில்லை, அல்லது ரோட்டாரிலிருந்து ஸ்பிரிங்குக்குப் போகும் சில சக்கரங்கள் மந்தமாகியிருக்கின்றன. நிறைய நடப்பவருக்கும் இப்படி நேர்ந்தால் இரண்டாவதைச் சந்தேகிக்கலாம். முழுச் சாவி கொடுத்தும் 20 மணி நேரத்துக்குள் நின்றால், ஐயமே வேண்டாம், கடிகாரம் சர்வீஸுக்குக் காத்திருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில அளவுகள்: சீக்கோவின் 7எஸ்26, 4ஆர்36 ஆகிய இயந்திரங்கள் 41 மணி நேரம் ஓடும், மியோட்டா 8215, 42 மணி நேரம், சுவிஸ் ஈட்டா 2824 ஏறக்குறைய 38 மணி நேரம். டிஸ்ஸோ போன்றவற்றில் வரும் பவர்மேட்டிக் 80, பெயருக்கேற்றபடி 80 மணி நேரம் ஓடும்.

கையாலும் சாவி கொடுக்கலாமா? அதிகமாக முறுக்கினால் ஸ்பிரிங் அறுந்துவிடாதா?

தாராளமாகக் கொடுக்கலாம், அறுந்துவிடாது. சாவி கொடுக்கும் பழைய கடிகாரத்தில் ஸ்பிரிங்கின் வெளிமுனை உருளையின் சுவரில் கொக்கியிட்டு மாட்டப்பட்டிருக்கும். முறுக்கு முடிந்ததும் திருகு இறுகி நின்றுவிடும். ஆட்டோமேட்டிக்கில் வெளிமுனை மாட்டப்படாமல், சுவரை அழுத்திக்கொண்டு மட்டும் இருக்கும். முறுக்கு நிறைந்ததும் அது சுவரில் சற்றே வழுக்கி, மிகுதியை விட்டுவிடும். குளம் நிறைந்தபின் வரும் தண்ணீர் மறுகாலில் பாய்ந்துவிடுவதைப் போன்ற ஏற்பாடு இது; கரை உடைய இடமில்லை. அந்த ஏற்பாடு இல்லாவிட்டால், நாள் முழுக்கக் கை வீசி நடப்பவரின் கடிகாரம் மதியத்துக்குள் தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும்.

அலுவலகத்தில் உட்கார்ந்தே வேலை செய்கிறவர்கள் காலையில் கட்டுவதற்கு முன் பதினைந்து இருபது சுற்றுச் சாவி கொடுத்தால், பகல் அசைவின் குறையை அது ஈடுசெய்துவிடும். சீக்கோ 4ஆர் வகை, முழுவதும் நின்ற நிலையிலிருந்து நிறைய ஏறக்குறைய 55 சுற்று வேண்டும். பல கடிகாரங்களுக்கு 30 அல்லது 40 சுற்றே போதும். திருகை முன்பக்கமாக, அவசரமில்லாமல் திருக வேண்டும். மரையோடு இறுக்கும் திருகானால் முதலில் அதைத் தளர்த்த வேண்டும், முடிந்ததும் மறக்காமல் இறுக்கிவிட வேண்டும்.

சாவி கொடுக்கும்போது பின்பக்கத்தில் ரோட்டாரும் சேர்ந்து வேகமாகச் சுழல்வது தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். ரோட்டார் எந்தப் பக்கம் சுழன்றாலும் ஸ்பிரிங்கை ஒரே பக்கம் முறுக்கவைக்கும் திசைமாற்றிச் சக்கரங்களில் எண்ணெய் காய்ந்து ஒட்டிக்கொண்டதன் அடையாளம் அது. தொடர்ந்து முறுக்கினால் பற்கள் போய்விடும்.

வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த பழைய சீக்கோ 5இல் திருகை எவ்வளவு சுற்றினாலும் ஒன்றும் ஏறவில்லையே?

ஏறாது; அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. மேலப்பாளையம், கடையநல்லூர் வீடுகளில் வளைகுடாவிலிருந்து வந்த சீக்கோ 5 இல்லாத அலமாரி குறைவு. அவற்றில் பெரும்பாலும் இருக்கும் 7எஸ்26 இயந்திரத்தில் கையால் சாவி கொடுக்கும் வசதி இல்லை. திருகை இழுத்து நேரம் வைத்தாலும் விநாடி முள் நிற்காது. 2019இல் வெளிவந்த புதிய சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் கடிகாரங்களில் உள்ள 4ஆர்36இல் கையால் சாவி கொடுக்கலாம், நேரம் வைக்கும்போது விநாடி முள்ளும் நிற்கும்.

பழையதை ஓட வைக்க, டயல் உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, மணிக்கட்டளவு வளைவில் இடமும் வலமுமாக அரை நிமிடம் மெல்ல அசையுங்கள். ஓடத் தொடங்கிவிடும். அது ஓடத் தொடங்குவதற்கான முறுக்குதான், நாள் முழுவதற்குமான முறுக்கு அல்ல; ஆகவே உடனே கையில் கட்டிக்கொண்டு நடமாட வேண்டும். சிலர் தீப்பெட்டியைக் குலுக்குவதுபோல் மேலும் கீழும் குலுக்குகிறார்கள். அதனால் ரோட்டார் சுழல்வதைவிட அதன் பேரிங் அடிபடுவதுதான் அதிகம்.

இந்தக் கடிகாரங்களின் உள்ளே இருக்கும் மேஜிக் லீவர் அமைப்பைப் பார்ப்பதில் எனக்கு இன்னமும் சலிப்பு வந்ததில்லை. 1959இல் சீக்கோ கொண்டுவந்தது அது. ரோட்டாரால் ஆட்டப்படும் ஒரு சிறு கவை, இரு கரங்களால் ஒரு பற்சக்கரத்தைப் பிடித்திருக்கும். ரோட்டாரை விரல் நுனியால் ஒரு பக்கம் தள்ளினால் ஒரு கரம் பல்லை இழுக்கும், மற்றது வழுக்கி அடுத்த பல்லுக்குப் போகும். மறுபக்கம் தள்ளினால் இந்தக் கரம் தள்ளும், அந்தக் கரம் வழுக்கும். எந்தப் பக்கம் ஆடினாலும் சக்கரம் ஒரே திசையில் ஏறும். இவ்வளவு குறைந்த உறுப்புகளில் இதைச் செய்ததால்தான் நாற்பது ஆண்டுக்கு முன் வாங்கிய கடிகாரமும் இன்று ஒரு சர்வீஸில் உயிர் பெறுகிறது.

தாத்தாவுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்தோம், தினமும் நின்றுபோகிறது. மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டாம். வயதானவர்களின் நடமாட்டம் வீட்டுக்கும் திண்ணைக்கும் இடையே சுருங்கிவிடுகிறது, கை அசைவும் மெதுவாகிறது. அவர்கள் கையில் எந்த ஆட்டோமேட்டிக்கும் முழுமையாக ஏறாது. சாவி கொடுக்கும் வசதி உள்ள கடிகாரமானால், காலையில் பேரனோ பேத்தியோ முப்பது சுற்றுக் கொடுத்து அவர் கையில் கட்டிவிடலாம். பல வீடுகளில் அது நல்ல பழக்கமாகவே ஆகிவிட்டது. தாத்தாவே செய்வதானால், விரலில் பிடிமானம் இருக்கிறதா என்று பாருங்கள், சிறிய திருகு அவர்களைச் சிரமப்படுத்தும். கையால் சாவி கொடுக்க இயலாத வகையைத்தான் வாங்கியிருக்கிறீர்கள் என்றால், அதை வீட்டில் நடமாடும் ஒருவர் கட்டிக்கொண்டு, தாத்தாவுக்குச் செல் கடிகாரம் வாங்கிக் கொடுப்பதே நியாயம்.

அப்பாவின் எச்.எம்.டி. கடிகாரமும் ஆட்டோமேட்டிக்தானா?

பெரும்பாலும் இருக்காது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961இல் பெங்களூரில் கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கிய எச்.எம்.டி.யின் ஜனதா, பைலட் ஆகியவை தினமும் சாவி கொடுக்க வேண்டியவை. கையில் எவ்வளவு நேரம் கட்டினாலும் ஏறாது. காஞ்சன் போன்றவை ஆட்டோமேட்டிக். டயலில் அந்தச் சொல் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஜனதாவுக்குச் சாவி கொடுக்கும்போது திருகு இறுகி நின்றதும் விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் பலவந்தம் செய்யக் கூடாது.

கையை உதறினால் உள்ளே ஏதோ கழன்று சுற்றுவதுபோல் இருக்கிறது. பழுதா?

மியோட்டா இயந்திரம் உள்ள கடிகாரமானால் பழுதில்லை. அவற்றில் ரோட்டார் ஒரு திசையில் சுழலும்போதுதான் முறுக்கும். மறு திசையில் சுமையில்லாமல் விர்ரென்று சுழலும், அது மணிக்கட்டில் தெரியும். கரகரவென்று உராயும் ஒலியோ, தகடு பின்மூடியில் இடிக்கும் ஒலியோ கேட்டால் மட்டும் கொண்டுவாருங்கள்.

இரவில் கழற்றி வைக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை கட்டாவிட்டால்?

இரவில் கழற்றுவது நல்லதுதான், தோலும் காற்றாடும். எப்படி வைக்கிறீர்கள் என்பதில் ஒரு பயன் இருக்கிறது. டயல் மேலே பார்க்கக் கிடக்கும்போதும், திருகு மேலே பார்க்க நிற்கும்போதும் ஒரே கடிகாரம் வெவ்வேறு வேகத்தில் ஓடும். சில இரவுகள் ஒவ்வொரு நிலையிலும் வைத்துப் பார்த்து, பகலில் முந்துகிற கடிகாரத்தை இரவில் பிந்துகிற நிலையில் வைத்தால், கருவி எதையும் தொடாமலே நேரத்தைச் சரிப்படுத்திவிடலாம்.

சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கழற்றித் திங்கள் காலை எட்டுக்குக் கட்டினால் இடைவெளி 36 மணி நேரம். முழு முறுக்கோடு கழற்றிய 41 மணி நேரக் கடிகாரம் தாங்கும். வெள்ளி இரவே கழற்றினால் 60 மணி நேரம், நின்றுவிடும். நின்றால் நிற்கட்டும். நிற்பதால் இந்தக் கடிகாரத்துக்கு ஒரு கேடும் இல்லை. ஓடினாலும் நின்றாலும் எண்ணெய்க்கு வயதாகிறது. நின்றிருக்கும் வேளையில் சக்கரங்களுக்குத் தேய்மானமாவது இல்லை.

வைண்டர் பெட்டி வாங்க வேண்டுமா?

ஒரே கடிகாரம் வைத்திருப்பவருக்கு வேண்டவே வேண்டாம். நாளுக்கு 650 முதல் 950 சுற்று என்று வைத்துக் கடிகாரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டி, பல கடிகாரங்களை மாற்றி மாற்றிக் கட்டுபவருக்கும், நேரத்தோடு மாதம், ஆண்டு எல்லாம் காட்டும் சிக்கலான கடிகாரம் வைத்திருப்பவருக்கும் பயன்படும். அந்தப் பணத்தை அடுத்த சர்வீஸுக்கு எடுத்து வைப்பதே என் யோசனை.

குற்றாலத்தில் குளிக்கும்போது கட்டியிருக்கலாமா?

கூடாது. சாரல் காலம் வந்துவிட்டால் டயலுக்குள் நீர் பூத்த கடிகாரங்கள் என் மேசைக்கு வரத் தொடங்கிவிடும். 30 மீட்டர் என்று பின்னால் பொறித்திருப்பது, அசையாத நீரின் அழுத்தத்தில் வைத்துச் சோதித்த அளவு. பேரருவி பொங்குமாங்கடல் என்னும் பாறைப் பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்துதான் நம் தலைக்கு வருகிறது என்றாலும், அந்த வீச்சு திருகின் ரப்பர் வளையத்தில் நேராக மோதும். தாமிரபரணியில் முங்கிக் குளிப்பதும், 100 மீட்டருக்குக் குறைந்த கடிகாரத்துக்கு, அதிலும் ரப்பர் பழசான கடிகாரத்துக்கு, நல்லதல்ல. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் அதற்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

நீர் பூத்தது தெரிந்தால் வெயிலில் காயவைக்காமல் அன்றே கொண்டுவாருங்கள். எஃகு உறுப்புகளில் துரு ஏற நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

வியர்வையும் சிறிய பகையல்ல. பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் ஓராண்டு கட்டிய கடிகாரத்தின் பின்மூடி விளிம்பைச் சுரண்டினால், உப்பும் தூசியும் திருநீறும் குழைந்த சாம்பல் நிறப் பசை ஊசி முனையில் வரும். உலோகச் செயினின் கண்ணிகளிலும் அதுவே. ஈரத் துணியால் வாரம் ஒருமுறை துடைத்தால் ரப்பர் வளையத்தின் ஆயுள் கூடும்.

நின்ற கடிகாரத்தில் தேதியை எப்போது மாற்றுவது?

இரவு 9 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையே முட்கள் நிற்கும்போது தேதியை வேகமாக மாற்றும் வசதியைத் தொடவே கூடாது. அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தின் பற்கள் ஏற்கெனவே கோத்திருக்கும். திருப்பினால் பல் முறியும். கடிகாரம் காட்டும் பத்து மணி காலையா இரவா என்று தெரியாவிட்டால், முட்களை முன்னோக்கித் திருப்பிக்கொண்டே போங்கள். தேதி மாறும் இடம் நள்ளிரவு. அதைத் தாண்டிக் காலை ஆறுக்குக் கொண்டுவந்து, முந்தைய நாளின் தேதியை வைத்து, அதன்பின் முட்களைத் திருப்பி இன்றைய நாளுக்கும் நேரத்துக்கும் வந்து சேருங்கள்.

தினமும் சில விநாடி முந்துகிறது. இது முறுக்கால் வருவதா?

ஓரளவுக்கு ஆம். முறுக்கு நிறைந்திருக்கும்போது பேலன்ஸ் சக்கரம் ஒவ்வொரு பக்கமும் 270 பாகை அல்லது அதற்கு மேலும் வீசி ஆடும். முறுக்கு வற்றும்போது வீச்சு குறைந்து, வேகமும் நிலைகுலையும். எந்நேரமும் பாதிக்கு மேல் முறுக்கோடு இருக்கும் கடிகாரம்தான் ஒரே சீராக நேரம் காட்டும். தினசரி கட்டுவதன் உண்மையான பயன் இது. நிற்காமல் ஓடுவது இரண்டாம் பட்சம்.

எதிர்பார்ப்பையும் அளவாக வைக்க வேண்டும். துல்லியத்துக்காகத் தரப்படும் சுவிஸ் குரோனோமீட்டர் சான்றுக்கே நாளுக்கு 4 விநாடி பிந்துவது முதல் 6 விநாடி முந்துவது வரை இடமுண்டு. சீக்கோ 4ஆர்36க்கு நிறுவனம் சொல்லும் எல்லை 35 விநாடி பிந்துவது முதல் 45 விநாடி முந்துவது வரை. நடைமுறையில் பெரும்பாலானவை அதைவிட நன்றாகவே ஓடுகின்றன.

நேற்று வரை சரியாக ஓடிய கடிகாரம் இன்று நிமிடக்கணக்கில் முந்தினால் காந்தத்தைச் சந்தேகியுங்கள். ஒலிபெருக்கி, இண்டக்‌ஷன் அடுப்பு, காந்த மூடி போட்ட செல்போன் உறை ஆகியவற்றின் அருகில் வைத்திருப்பீர்கள். பேலன்ஸ் சக்கரத்தோடு இணைந்த மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஆட்டம் வேகமாகிவிடும். சிறிய திசைகாட்டியின் அருகே கடிகாரத்தைக் கொண்டுபோனால் ஊசி திரும்பும். கடையில் காந்தம் நீக்கும் கருவியில் வைத்தால் சில விநாடியில் தீரும். கடிகாரத்தைத் திறக்கவே வேண்டாம்.

நம் ஊர் வெயில் கடிகாரத்தைப் பாதிக்குமா?

கையில் இருக்கும் வரை கவலையில்லை. வெப்பத்தால் ஸ்பிரிங்கின் இயல்பு மாறாத உலோகக் கலவைகளுக்கு வழிகாட்டிய ஷார்ல் எடுவார் கியோம், அந்த ஆய்வுக்காக 1920இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய ஹேர்ஸ்பிரிங்குகள் அந்த வழியில் வந்தவை. காரின் கண்ணாடி ஓரத்தில் வைத்துவிட்டுப் போவதுதான் கேடு.

எப்போது சர்வீஸ் செய்ய வேண்டும்? வரும்போது என்ன சொல்ல வேண்டும்?

தினமும் கட்டும் கடிகாரத்துக்கு நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துக் கழுவி எண்ணெய் இடுவது முறை. நன்றாக ஓடுகிறதே என்று பத்து ஆண்டுகள் விட்டால், எண்ணெய் வற்றிய அச்சுகள் ஓடிக்கொண்டே தேயும். ஸ்பிரிங்கின் விசை அதிகம் என்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. நீர் படும் கடிகாரத்துக்கு ரப்பர் வளையத்தை அதற்கு முன்பே மாற்ற வேண்டும். பின்மூடியைத் திறந்து ரோட்டார் மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடிக் கொடுப்பதைச் சர்வீஸ் என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். அந்த எண்ணெய் பரவித் தூசியை இழுக்கும்.

கொண்டுவரும்போது, ஒரு வாரம் எந்த நேரத்தில் கட்டினீர்கள், எந்த நேரத்தில் கழற்றினீர்கள், எப்போது நின்றது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி வாருங்கள். எந்தக் கையில் கட்டுகிறீர்கள், பகலில் என்ன வேலை என்பதையும் சொல்லுங்கள். கையால் சாவி கொடுக்க முடியாத இயந்திரமானால், உருளையின் மேல் திருகாணியைத் திருப்பி முழு முறுக்குக் கொடுத்து இரண்டு நாள் கடையில் வைத்துப் பார்ப்பேன். ஓடிவிட்டால் கூலி இல்லாமல் திருப்பி எடுத்துப் போகலாம்.